பொறுப்பு மனைவியிடம், உரிமை கணவனிடம்: அமெரிக்க விடுதலைப் போர்க்காலப் பண்ணைப் பெண்ணின் வாழ்க்கை

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிய பேச்சில் அக்காலப் பெண்களுக்கு இரண்டே வேடங்கள்தாம் கிடைக்கின்றன. பீரங்கியருகே கணவன் சாய்ந்ததும் தானே முன்வந்து குண்டு திணித்தவள் என்ற வீரக்கதை ஒன்று. சன்னலோரம் அமர்ந்து, போனவன் எப்போது திரும்புவான் என்று பாதையையே பார்த்திருந்தவள் என்ற சோகக்கதை மற்றொன்று. பிரிட்டனுக்கு எதிராக 1775 முதல் 1783 வரை நீடித்த அந்தப் போரின்போது அதன் பதின்மூன்று அமெரிக்கக் காலனிகளின் மக்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பங்களில் இருந்த மனைவியரில் மிகப் பலருக்குப் பீரங்கியைப் பார்க்கவே வாய்ப்பில்லை. சன்னலோரம் உட்கார நேரமும் இல்லை. அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எந்த அதிகாரத்தில் செய்தார்கள் என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வருகின்றன. கடிதங்கள் மிகுதியாகக் கிடைத்திருப்பது அங்கேதான்.

வீடு என்ற தொழிற்கூடம்

சோப்பு தீர்ந்தால் நாம் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். 1770களில் மாசசூசெட்ஸ் பண்ணை ஒன்றில் சோப்பு தீர்ந்துவிட்டது என்றால், வசந்தகாலத்தில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று வந்துவிட்டது என்று பொருள். குளிர்காலம் முழுதும் அடுப்பில் எரிந்த விறகின் சாம்பலைச் சேர்த்து, அடியில் துளையிட்ட பீப்பாயில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கொட்டி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், கீழே காரநீர் சொட்டுச் சொட்டாக வடியும். அது பதமா என்று அறிய ஒரு முட்டையை அதில் போடுவார்கள். முட்டை மிதந்து, அதன் முதுகு ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரிந்தால் பதம். பன்றி, மாடு அறுத்தபோது எடுத்துவைத்த கொழுப்பை அந்தக் காரநீருடன் சேர்த்து, வீட்டுக்கு வெளியே பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கிளறிக் காய்ச்ச வேண்டும். கை வெந்துபோகும் வேலை. நாற்றமும் தாங்க முடியாது. இத்தனைக்கும் இது ஒரு பொருள்தான். மெழுகுவர்த்தி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்புக்கண்டம், ஆப்பிள் சாறு, நூல், துணி, வைத்தியம் எல்லாம் இவ்வாறே அந்த வீட்டுக்குள்ளேயே தயாராயின.

இந்த உற்பத்தியில் ஆண் வேலை, பெண் வேலை என்று கோடு இருந்தது. உழுவது, புல் அறுப்பது, மரம் வெட்டுவது, வேலி போடுவது, கால்நடை அறுப்பது ஆணின் பொறுப்பு. பால்மாடு, கோழி, காய்கறித் தோட்டம், சமையல், நூற்பு, நோயாளியைப் பார்ப்பது பெண்ணின் பொறுப்பு. இதற்கிடையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பிரசவம் என்பது வழக்கமாக இருந்தது. ஆனால் இருவர் வேலையும் தனித்தனியே நிற்கவில்லை. அவன் கத்தரித்த ஆட்டு ரோமத்தை அவள் நூற்றாள். அவன் அறுத்த பன்றியை அவள் உப்பில் இட்டாள். அவன் சேர்த்த வைக்கோலைத் தின்ற மாட்டில் அவள் பால் கறந்தாள். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் மற்ற மாடு பாதி வேகத்தில் போகும் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள். வண்டியே ஒரு பக்கம் சாயும், பண்ணையும் அப்படித்தான்.

ஆகவே, பண்ணை மனைவி என்பவள் இன்று நாம் நினைக்கும் பொருளில் வீட்டோடு இருந்தவள் அல்லள். ஓர் உற்பத்திக் கூடத்தின் பாதியை நடத்தியவள். போர் வந்தபோது மற்ற பாதியும் அவள் தலையில் விழுந்தது.

கணவனின் பதிலாள்

காலனிகளில் பொதுவாக 16 முதல் 60 வயது வரையான ஆண்கள் ஊர்ப்படையில் பதிவாகியிருக்க வேண்டும். ஊர்ப்படை என்பது அழைத்தபோது துப்பாக்கியோடு வந்து, சில வாரங்களோ மாதங்களோ நின்றுவிட்டு வீடு திரும்பும் விவசாயிகளின் படை. அழைப்பு விவசாயப் பருவத்தைப் பார்த்து வராது. 1777இல் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோயினை எதிர்க்கப் படை திரண்டது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். சரியாக அறுவடைக் காலம். அதே ஆண்டிலிருந்து நிரந்தரப் படையில் சேர்ந்தவர்களை மூன்று ஆண்டுகளுக்கோ, போர் முடியும் வரைக்கோ எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

கணவன் இல்லாதபோது அவன் இடத்தில் நின்று குடும்பத்தின் வெளிவேலைகளைப் பார்க்கும் மனைவியை வரலாற்றாய்வாளர்கள் ‘கணவனின் பதிலாள்’ என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். இது போரால் பிறந்த வழக்கம் அன்று. கணவன் கடலுக்கோ நீதிமன்றத்துக்கோ போனால், மனைவி பண்டமாற்று செய்வதையும் கடன் வசூலிப்பதையும் கூலியாளுக்கு உத்தரவிடுவதையும் அக்கம்பக்கத்தார் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். போர் செய்தது, சில நாள் பொறுப்பை ஆண்டுக்கணக்காக நீட்டியதுதான். ஆனால் அந்த நீட்சி சிறிய விஷயம் அன்று. இந்த வாரம் எந்த நிலத்தில் புல் அறுப்பது என்பதைக் கணவன் சொல்லிவிட்டுப் போகலாம்; அடுத்த ஆண்டு எத்தனை மாடுகளை விற்பது என்பதை எப்படிச் சொல்லிவிட்டுப் போவான்?

பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவராகவிருந்த ஜான் ஆடம்ஸ், 1774 ஆகஸ்டில், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் என்னும் சபையில் அமர பிலடெல்பியாவுக்குப் போனார். பாஸ்டனுக்குத் தெற்கே பிரெய்ன்ட்ரீ ஊரில் பண்ணையோடும் நான்கு பிள்ளைகளோடும் நின்ற அவர் மனைவி அபிகாயிலுக்கு அப்போது வயது 29. அங்கிருந்து ஒரு கடிதம் போய்ச் சேர இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும்; பதில் வர மீண்டும் அத்தனை நாள். வைக்கோல் அத்தனை நாள் காத்திருக்காது. முதலில் கணவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தவர், பிறகு செய்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். கணவர் நல்ல அரசியலாளர் என்று பெயரெடுத்ததுபோல் தானும் நல்ல ‘விவசாயினி’ என்று பெயரெடுக்க விரும்புவதாக 1776இல் எழுதினார். உடல் வலுவுள்ள ஆண்களெல்லாம் படைக்கோ, எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அனுமதி பெற்ற தனியார் கப்பல்களுக்கோ போய்விட, கூலிக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறிக்கொண்டே போனது. 1778இல் நிலத்தை, விளைச்சலில் பாதி என்ற பங்குக்குக் குத்தகை விட்டுவிட முடிவு செய்தவரும் அவரே.

நியூ ஹாம்ப்ஷயரின் கிங்ஸ்டன் ஊரில் மேரி பார்ட்லெட் என்பவரும் இதே நிலையில் இருந்தார். அவர் கணவர் ஜோசையா, விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். மேரியின் தொடக்கக் கடிதங்களில் ‘உங்கள் விவசாய வேலை’ என்று இருந்தது, ஓரிரு ஆண்டுகளில் ‘நம் விவசாய வேலை’ என்று மாறியதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். யாரும் சட்டம் போட்டு மாற்றிய சொல் அன்று அது. விதைத்து, அறுத்து, கணக்குப் பார்த்த கை தானாக மாற்றி எழுதியது.

பத்திரம் இல்லாத பவர்

இனி, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு வருவோம். இவ்வளவு பொறுப்பு வந்ததென்றால் அந்த அளவுக்கு உரிமையும் வந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஊரிலுள்ள நிலத்தைக் கவனிக்கத் தம்பிக்குப் பவர் எழுதிக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பி குத்தகைக்கு விடலாம், வசூல் செய்யலாம், பத்திரத்தில் சொல்லியிருந்தால் விற்கவும் செய்யலாம். ஆனாலும் பட்டா அண்ணன் பெயரில்தான் இருக்கும். பண்ணை மனைவியின் நிலை இதைவிடவும் மெலிந்தது. தம்பியிடம் முத்திரைத்தாளாவது இருக்கிறது. அவளிடம் பெரும்பாலும் இருந்தது ஊர் வழக்கம் மட்டுமே.

காரணம், ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து காலனிகளுக்கு வந்த கவர்ச்சர் என்னும் விதி. திருமணமான கணத்திலிருந்து பெண்ணின் சட்டப்பூர்வமான ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் மறைந்துவிடும் என்பது அதன் பொருள். அதன்படி அவளுடைய பணமும் பாத்திரபண்டங்களும் கணவனுக்குச் சொந்தம். அவள் சம்பாதித்தாலும் அவனுக்குச் சொந்தம். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலத்தின் வருமானத்தையும் அவனே அனுபவிப்பான்; அவள் சம்மதமின்றி விற்க முடியாது என்ற அளவில்தான் அவளுக்குப் பாதுகாப்பு. தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ, வழக்குத் தொடுக்கவோ, கணவன் இசைவின்றி உயில் எழுதவோ அவளால் இயலாது. இந்தக் கட்டு திருமணமான பெண்ணுக்கு மட்டுமே. மணமாகாத பெண்ணும் விதவையும் சொத்து வைத்துக்கொள்ளலாம். விதவைக்குக் கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை உண்டு; இதை விதவைப் பங்கு என்போம். விற்கும் உரிமை அதில் இல்லை.

ஆகவே, பதிலாள் என்ற நிலை வழக்கத்தால் வந்தது. கவர்ச்சரோ சட்டத்தால் வந்தது. போர் முதலாவதை விரித்தது, இரண்டாவதைத் தொடவில்லை.

ஊசி, உப்பு, நோட்டு

போருக்கு முன்பும் எல்லாமே வீட்டில் விளையவில்லை. உப்பு, சர்க்கரைப்பாகு, ஊசி, குண்டூசி, தேயிலை, நல்ல துணி ஆகியவை கப்பலில் வந்தன. 1775 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காலனிகளோடு வணிகத்தையே தடை செய்தது. குண்டூசி இல்லாமல் அக்காலத்தில் உடை தைக்கவும் முடியாது, பல உடைகளை உடுத்தவும் முடியாது. முன்பு 7½ ஷில்லிங்குக்கு வாங்கிய குண்டூசி இப்போது 20 ஷில்லிங் என்று 1775 ஜூனிலேயே அபிகாயில் கணவருக்கு எழுதி, பிலடெல்பியாவில் கிடைத்தால் வாங்கி அனுப்பச் சொன்னார். நாட்டின் தலைவிதியை விவாதித்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டிலிருந்து போன கோரிக்கை அது. இரண்டுமே ஒரே போரின் வேலைகள்தாம்.

உப்புத் தட்டுப்பாடு இன்னும் கொடியது. நவம்பர், டிசம்பரில் அறுக்கும் பன்றி இறைச்சி அடுத்த கோடை வரை கெடாமல் இருக்க உப்பு வேண்டும். உப்பு இல்லையென்றால் அறுத்த இறைச்சி அழுகும். அறுக்காமல் விட்டால் தீவனம் போதாது. இனிப்புக்கு மக்காச்சோளத் தட்டையைப் பிழிந்து பாகு காய்ச்சினார்கள். துணிக்கு ஆளிச் செடியை நம்பினார்கள். அதை வேரோடு பிடுங்கி, காயவைத்து, விதை நீக்கி, நீரிலோ பனியிலோ ஊறப்போட்டு, தண்டை நொறுக்கி, நாரை இரும்புப் பல் சீப்பில் சீவி, பிறகுதான் ராட்டைக்குக் கொண்டுவர முடியும். புளிச்சை நார் உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். இதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரிட்டிஷ் துணிப் புறக்கணிப்பு நடந்து, பெண்கள் கூட்டமாக அமர்ந்து நூற்கும் வழக்கம் பரவியிருந்தது. போரில் அந்த அரசியல் அடையாளம் அன்றாடத் தேவையாயிற்று. குடும்பத்துக்குத் துணி போக, படைக்குச் சட்டையும் காலுறையும் மேலங்கியும் கேட்டு ஊர்களுக்குக் கணக்கு வந்தது.

இவற்றோடு பணமும் செத்துக்கொண்டிருந்தது. காங்கிரஸ் 1775 முதல் ‘காண்டினென்டல்’ என்ற காகித நோட்டை அச்சடித்துப் போரை நடத்தியது. பொருள் குறைந்து நோட்டு பெருகினால் நோட்டின் மதிப்பு விழும், இதுவே பணவீக்கம். 1780 மார்ச்சில் 40 காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்குச் சமம் என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது. சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 6⅔ டாலர்; அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக, இந்த நோட்டில்தான் வந்தது. படையிலிருக்கும் கணவன் அனுப்பும் பணத்தை நம்பி ஒரு குடும்பமும் பிழைத்திருக்க முடியாது. சிப்பாய்களின் குடும்பங்களுக்குத் தேவையானவற்றை நியாய விலையில் வழங்க ஊர்க்குழுக்கள் அமைந்தன. ஆனால் அவற்றின் கிடங்கும் பல நேரம் காலியாகவே கிடந்தது.

பதுக்கலும் இருந்தது. 1777இல் பாஸ்டன் வணிகர் ஒருவர் காபியை ராத்தல் ஆறு ஷில்லிங்குக்குக் குறைத்துக் கொடுக்க மாட்டேன் என்றபோது, நூறு பெண்களோ அதற்கு மேலோ வண்டியோடு போய்க் கிடங்குச் சாவியைக் கேட்டார்கள். அவர் மறுக்கவே, ஒரு பெண் அவர் கழுத்தைப் பிடித்து வண்டியில் தள்ளினார். சாவி கைக்கு வந்ததும் காபியைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் வாயடைத்துப் பார்த்து நின்றார்கள் என்று அபிகாயில் எழுதுகிறார்.

ஒரே கடிதத்தில் இரண்டு வரிகள்

அபிகாயில் 1776 மார்ச் 31 அன்று எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவர்களின் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று அதில் கேட்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அதே கடிதத்தின் பிற்பகுதிதான் அவருடைய நாளைக் கண்முன் கொண்டுவருகிறது. வெடியுப்பு காய்ச்சுகிறாயா என்று கணவர் கேட்டிருக்கிறார். இன்னும் முயலவில்லை, சோப்பு காய்ச்சி முடித்த பிறகு செய்து பார்க்கிறேன் என்று பதில் எழுதுகிறார். குடும்பத்துக்கு உடை தயாரிப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது, இல்லாவிட்டால் எல்லோரும் துணியின்றி நிற்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

வெடியுப்பு என்பது வெடிமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்காக இருக்கும் உப்பு. பிரிட்டனுக்கு அது கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக வங்காளம், பீகார் பகுதிகளிலிருந்து தாராளமாக வந்தது. காலனிகளுக்கு வெடிமருந்து போவதை மன்னர் 1774இலேயே தடுத்திருந்தார். ஆகவே தொழுவத்தின் அடிமண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி வீட்டிலேயே வெடியுப்பு எடுக்குமாறு காங்கிரஸ் மக்களைக் கேட்டுக்கொண்டது. சாம்பல்நீர் வடிக்கத் தெரிந்த கைக்கு அது தெரியாத வேலை அன்று. சோப்புக் கொப்பரையையும் பீரங்கியையும் இணைத்த கோடு அந்தப் பெண்ணின் முற்றத்தில் ஓடியது. சட்டத்தைப் பற்றிய அவருடைய வேண்டுகோளுக்கு, படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று ஜான் பதில் எழுதினார்.

படை வாசலுக்கு வந்தால்

போர்க்களம் தொலைவில் இருந்தாலும் நோய் வீட்டுக்கு வந்தது. பாஸ்டனைச் சுற்றிப் படைகள் முகாமிட்டிருந்த 1775இன் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வயிற்றுக்கடுப்பு நோய் ஊர் ஊராகப் பரவியது. அபிகாயிலின் தாயும் வீட்டில் வேலை செய்த பெண்ணும் அதில் இறந்தார்கள். ஊரிலிருந்த மற்ற மனைவியரைப் போலவே அவரும் பகலில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பண்ணையைப் பார்த்தார்.

நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் நிலைமை வேறு. அங்கே படைகளே வயலில் நடந்தன. பிரிட்டிஷ் படையும் அதன் ஜெர்மானியக் கூலிப்படையும் பசுவையும் தானியத்தையும் எடுத்துக்கொண்டு போயின. அமெரிக்கப் படையும் எடுத்தது, ஆனால் பிறகு பணம் தருவதாக ஒரு சீட்டு கொடுத்துவிட்டு எடுத்தது. அந்தச் சீட்டை மாவாக அரைக்க முடியாது. 1776இன் இறுதியில் நியூ ஜெர்சியில் பிரிட்டிஷ் தரப்புப் படையினர் பெண்களை வல்லுறவுக்கு உள்ளாக்கினார்கள். அப்பெண்களில் சிலர் அளித்த வாக்குமூலங்களைக் காங்கிரஸ் பதிவு செய்தது. தனியே பண்ணையில் நிற்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு அவை சாட்சி.

காலனியப் பண்ணைப் பெண்ணின் துயரத்தைப் பேசும்போது மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ஹோடினோசோனி எனப்படும் இரோகுவா மக்களிடையே வயலும் விளைச்சலும் பெண்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. கவர்ச்சர் போன்ற விதியே அவர்களிடம் இல்லை. 1779இல் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய தளபதி சல்லிவனின் படை அவர்களுடைய நாற்பது ஊர்களையும், அறுவடைக்கு நின்ற மக்காச்சோள வயல்களையும் பழத்தோட்டங்களையும் எரித்து அழித்தது. விடுதலைக்காகப் போரிட்ட படைதான் அதைச் செய்தது.

போர் ஓய்ந்த பின்

திரும்பி வந்த கணவன் மீண்டும் குடும்பத் தலைவன் ஆனான். திரும்பாதவனின் மனைவிக்கு விதவைப் பங்கு. 1780இல் காங்கிரஸ் இறந்த அதிகாரிகளின் விதவைகளுக்கு ஏழு ஆண்டுகள் பாதிச் சம்பளம் தருவதாகச் சொன்னது. சிப்பாயின் விதவைக்கு அது இல்லை. சாதாரணச் சிப்பாய்களின் விதவைகளுக்குப் பரவலாக ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1836இல்தான் வந்தது. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. திருமணத்துக்குச் சான்று கேட்டார்கள்; வேறு ஆவணம் இல்லாத கிழவிகள், பிறப்பும் இறப்பும் திருமணமும் எழுதிவைத்திருந்த குடும்ப விவிலியத்தின் தாளைக் கிழித்து விண்ணப்பத்தோடு அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் பல இன்றும் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கவர்ச்சர் அப்படியே நின்றது. நியூ ஜெர்சியின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சொத்துள்ளவர்கள் வாக்களிக்கலாம் என்று இருந்ததால் மணமாகாத பெண்களும் விதவைகளும் வாக்களித்தார்கள். சொத்தே வைத்திருக்க முடியாத மனைவியருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1807இல் மற்றவர்களுக்கும் அடைக்கப்பட்டது. பிரிட்டிஷ் பக்கம் நின்று நாட்டைவிட்டுப் போனவரின் மனைவி அன்னா மார்ட்டின். அவருடைய பறிமுதலான நிலத்தை மகன் கேட்ட வழக்கில், மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1805இல் நிலத்தைத் திருப்பித் தந்தது. கணவனோடு போவது மனைவியின் கடமை, ஆகவே நாட்டைவிட்டுப் போனதை அவளுடைய சொந்த முடிவாகக் கொள்ள முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

போர்க்காலத்தில் அபிகாயில், கணவர் பிரான்சிலிருந்து அனுப்பிய கைக்குட்டைகளையும் நாடாக்களையும் விற்று, அரசுக் கடன் பத்திரங்களில் பணம் போட்டு, குடும்பத்தின் செல்வத்தைப் பெருக்கியிருந்தார். 1782இல் வெர்மாண்டில் காட்டு நிலம் வாங்கினார். கணவர் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் பத்திரம் ஆயிற்று, தன் பெயரில் எழுதிக்கொள்ள அவருக்கு வழியில்லை. தாம் சேர்த்ததில் ஒரு பகுதியை மட்டும், தன்னுடையது என்று தான் அழைக்கும் பணம் என்று கடிதங்களில் குறிப்பிட்டு வந்தார். 1816இல், 71 வயதில், தம் கையாலேயே உயில் எழுதினார். மகன்களுக்குச் சிறிதளவே ஒதுக்கிவிட்டு, பணத்தையும் பட்டு உடைகளையும் நகைகளையும் பேத்திகளுக்கும் சகோதரரின் சகோதரியின் பெண்களுக்கும் மருமகள்களுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் கணவர் சம்மதித்தால் மட்டுமே செல்லும். 1818இல் அவர் இறந்த பிறகு, 83 வயதான ஜான் ஆடம்ஸ் அதில் எழுதியிருந்தபடியே ஒவ்வொன்றும் போய்ச் சேர இசைந்தார்.